கன்பூசியச் சடங்கு மரபை ஆராயும் வரலாற்றாசிரியர் ஆவது எப்படி: காவிரிக் கரை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டல்

ஆடி அமாவாசையன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் நீரும் விட்டுத் தர்ப்பணம் செய்கிற ஒருவரிடம், இறந்தவர் உண்மையிலேயே வந்து இதைப் பெற்றுக்கொள்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்வதில்லை. “அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறேன்” என்பார்கள். சீனாவில் முன்னோரின் பெயர்ப்பலகைக்கு முன் ஊதுவத்தி ஏற்றியவர்களிடம் இதே கேள்வியை அயலார் 300 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையும் இதை ஒத்ததுதான். இது மதமா, குடும்ப ஒழுக்கமா என்று ஐரோப்பியப் பாதிரிமார்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் தங்களுக்குள் வழக்காடினார்கள். அந்தப் படித்துறையைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த வழக்கின் உள்ளீடு எளிதில் புரியும். கன்பூசியச் சடங்கையும் சீனத்துச் சமய மரபுகளையும் ஆராய விரும்பும் டெல்டா மாணவருக்கு இது ஒரு முதல். ஆனால் முதலை மட்டும் வைத்துக்கொண்டு வாணிபம் நடத்த முடியாது. அதற்கு மேல் என்னென்ன வேண்டும் என்பதை, இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில், இங்கே எழுதுகிறேன்.

முதலில் துறை எது என்பதில் தெளிவு வேண்டும். கன்பூசியஸ் (கி.மு. 551–479) பற்றித் தமிழில் கிடைக்கும் எழுத்துகள் பெரும்பாலும் அவரைப் பொன்மொழி சொன்ன ஞானியாகவே காட்டுகின்றன. நீங்கள் தேடிப் போவது அந்தப் பொன்மொழிகளை அன்று. அவர் பெயரால் நின்ற கோயில்கள், அங்கே படைக்கப்பட்ட பலிகள், ஆடப்பட்ட ஆட்டம், வீட்டில் காத்த துக்கம், பேரரசன் வானத்துக்குச் செய்த வழிபாடு ஆகியவை எப்போது, யாரால், எந்தக் காரணத்தால் மாறின என்பதே உங்கள் கேள்வி. சடங்கு என்றால் மாறாதது என்று நினைக்கிறவர் இந்தத் துறைக்குள் வரவேண்டியதில்லை. தாய் இறந்தால் மகன் காக்கவேண்டிய துக்கம் பழைய நூல்களில் தந்தைக்கு உரியதைவிட ஒரு படி குறைவாகவே இருந்தது; 1374இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் அதைத் தந்தைக்கு நிகராக உயர்த்தி ஆணையிட்டார். கன்பூசியஸ் கோயில்களில் சிலைகள் இருந்தன. 1530இல் ஜியாஜிங் பேரரசரின் ஆணையால் சிலைகளை அகற்றி, பெயர் எழுதிய மரப்பலகைகளை வைத்தார்கள். மூலவர் திருமேனியை எடுத்துவிட்டுப் பலகை வைப்பது என்றால் என்ன என்று ஒரு கோயில் ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சீன மொழியைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. அதை இளங்கலை படிக்கும்போதே தொடங்கிவிடலாம். உங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏதேனும் ஒரு வழிபாட்டை, குலதெய்வப் படையலோ கோயில் உற்சவத்தின் ஒரு நாளோ, எதுவாயினும் சரி, தொடக்கம் முதல் முடிவு வரை எழுதுங்கள். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு முதல் மரியாதை, எந்தப் பொருளை யார் கொண்டுவருகிறார், மடைப்பள்ளியில் என்ன ஆகிறது, ஓதுவார் எப்போது பாடுகிறார், நாதஸ்வரம் எப்போது நிற்கிறது, உபயதாரர் வராத ஆண்டில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். தெரிந்ததையும் கேட்க வேண்டும். கன்பூசியஸ் பெருங்கோயிலுக்குள் சென்றபோது ஒவ்வொன்றையும் கேட்டார் என்றும், இவருக்கா சடங்கு தெரியும் என்று ஒருவர் இகழ்ந்தபோது, கேட்பதுதான் சடங்கு என்று அவர் மறுமொழி சொன்னார் என்றும் ‘லுன் யூ’ என்ற உரையாடல் தொகுப்பின் மூன்றாம் பகுதி சொல்கிறது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அதன் சமண வழக்குகள் விளங்காமல், அவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் வந்த பதிப்பு அந்தக் கேள்விகளின் மேல் நின்றது. பிறர் மரபுக்குள் நுழைவதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

இனி மொழி. இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள், ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன். இரண்டு சீனம் கற்க வேண்டும். ஒன்று இன்று பேசும் மாண்டரின். செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு ஏறத்தாழ 3,000 எழுத்துகள் தெரிய வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த அளவை எட்டலாம். மற்றொன்று செவ்வியல் சீனம். சடங்கு நூல்கள் மூன்று: சடங்கு நடைமுறைகளைப் படிப்படியாகச் சொல்லும் 17 பகுதிகள் கொண்ட ‘யீ லி’, அரசின் பதவிகளை வகுக்கும் ‘ஜோவ் லி’, சடங்கைப் பற்றிய சிந்தனையும் கதைகளும் கலந்த 49 பகுதிகள் கொண்ட ‘லீ ஜி’. இவையும், பின்வந்த ஜூ ஷி (1130–1200) பெயரால் வழங்கும், வீடுகளில் பெரிதும் கையாளப்பட்ட குடும்பச் சடங்கு நூலும், அரசவைக் குறிப்புகளும் எல்லாமே செவ்வியல் நடையில் உள்ளன. அந்த நடையில் வேற்றுமை உருபு இல்லை, கால இடைநிலை இல்லை, பழைய அச்சில் நிறுத்தக்குறியும் இல்லை. ஒரே எழுத்து பெயராகவும் வினையாகவும் நிற்கும்.

ஆயினும் தமிழ் இலக்கணம் முறையாகப் படித்த மாணவருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. மூலத்தை உரையோடு சேர்த்துப் படிப்பது நமக்குப் பழகிய வழக்கம். பரிமேலழகர் ஒரு குறளின் சொல்லை எப்படிக் கொண்டு கூட்டுகிறார், மணக்குடவர் எங்கே மாறுபடுகிறார் என்று பார்த்துப் பழகியவருக்கு, ‘லீ ஜி’க்கு ஜெங் ஷுவான் (127–200) எழுதிய உரையும், அதன்மேல் கோங் யிங்தா (574–648) எழுதிய விளக்கமும் வேற்றுலகமாகத் தோன்றா. மூலம், உரை, உரைக்கு உரை என்ற அடுக்கு நமக்குத் தெரிந்த அடுக்கு. அதனால் இதைத் தனியாக அமர்ந்து அகராதியை வைத்துக்கொண்டு கற்க முயலாதீர்கள். திருவாவடுதுறையில் நடந்ததுபோலப் பாடம் கேட்க வேண்டும். ஒரு ஆசிரியர் வரி வரியாகச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லி, அவர் திருத்த வேண்டும். வாரத்துக்கு ஒரு பக்கம் நகர்ந்தாலும் போதும். இணையத்தில் செவ்வியல் நூல்களின் மூலம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. தைபெயிலுள்ள ஆய்வு நிறுவனமான அகாதெமியா சினிக்காவின் நூற்றொகையும் பயன்படும். நூல் கையில் இருப்பதால் படித்துவிட்டோம் என்ற மயக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பயன்படுத்தலாமா என்றால், ஊன்றுகோலாகப் பயன்படுத்தலாம். என் தொடக்கக் கால எழுத்துகளில் ‘லி’ என்ற மையச் சொல்லை எல்லா இடங்களிலும் ‘சடங்கு’ என்றே எழுதினேன். ஆங்கிலத்தின் வழியாக வந்த பழக்கம் அது. தமிழில் ‘சடங்கு’ என்றால் பெண் பூப்பெய்திய விழா ஒரு பொருள், உயிரில்லாத வெளிவேடம் மற்றொரு பொருள். இரண்டும் ‘லி’க்குப் பொருந்தவில்லை. அரசனுக்கும் அமைச்சனுக்கும் இடையே, தமையனுக்கும் தம்பிக்கும் இடையே, உயிரோடிருப்பவருக்கும் இறந்தவருக்கும் இடையே, இன்னாருக்கு இன்னது என்ற அளவுதான் ‘லி’. பல ஆண்டுகளுக்குப் பிறகே இந்தப் பக்கத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் ‘முறை’ என்ற சொல் என் நினைவுக்கு வந்தது. “உங்களுக்கு அவர் என்ன முறை வேண்டும்?” என்று கேட்கிறோம்; இந்த வாரம் கோயிலில் யாருடைய முறை என்கிறோம்; தாய்மாமன் செய்முறை என்கிறோம்; “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” என்று குறள் சொல்கிறது. உறவு, வரிசை, கடன், நீதி நான்கையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, வேறொரு மொழியின் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன். எல்லா இடத்திலும் ‘முறை’ பொருந்தாது. படையல் என்றே எழுத வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் துக்க விதிகளைப் படிக்கும்போது அது பெருந்துணை செய்கிறது. சீனத்துத் துக்கம் உறவின் தூரத்துக்கேற்ப ஐந்து படிகள் கொண்டது: மூன்றாண்டு என்று பெயர்பெற்று உண்மையில் இருபத்தைந்து அல்லது இருபத்தேழு மாதம் நீடிப்பது, ஓராண்டு, ஒன்பது மாதம், ஐந்து மாதம், மூன்று மாதம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நெசவில் துக்க உடை. பங்காளித் தீட்டு யாருக்கு எத்தனை நாள் என்று பாட்டி விரல்விட்டு எண்ணிச் சொன்னதைக் கேட்டவர், இந்த அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதன் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீன மொழியில் இளங்கலை வேண்டுமானால் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், 1937இல் சீன அறிஞர் தான் யுன்ஷானின் முயற்சியால் சாந்திநிகேதனில் தோன்றிய சீன பவனமும் முதலில் பார்க்க வேண்டியவை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுத்துறை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணி உங்கள் நோக்கமானால் முதுகலைப் பட்டம் வரலாற்றில் இருப்பது நல்லது; ஏனெனில் பணியிட விளம்பரம் வரலாறு என்றுதான் வரும், சீன ஆய்வு என்று வருவது அரிது. முதுகலையில் 55 விழுக்காடு (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) பெற்று ‘நெட்’ என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால், 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய் வருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். மொழி கற்பதில் ஆண்டுகள் கழிந்து, அந்த உதவித்தொகைக்கான வயதைத் தாண்டிவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மொழியையும் தேர்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் சேர்த்தே நடத்துங்கள். வெளிநாட்டு மொழிப் பயிற்சிக்குத் தைவான் கல்வி அமைச்சின் உதவித்தொகையைக் கேட்டுப் பாருங்கள். நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

ஆய்வுக் கேள்வியைத் தேர்வதுதான் இந்த வாழ்க்கையின் நடுப்பகுதி. நம் பகுதி மாணவர் யாரைக் கேட்டாலும் முதலில் நாகப்பட்டினத்தைச் சொல்வார். காரணம் இல்லாமல் இல்லை. ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையளித்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. சோழர் தூதுக்குழு 1015இலும் 1033இலும் 1077இலும் சோங் அரசவையை அடைந்ததைச் சீன நூல்கள் பதிந்திருக்கின்றன. சீனக் கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்த செங்கற்கட்டடம் 1867இல் இடிக்கப்படும் வரை நாகையில் நின்றது. இவை எல்லாம் அருமையான செய்திகள். ஆனால் இவை வணிக, அரசியல் உறவின் வரலாறு; பௌத்தத்தின் வரலாறு. கன்பூசிய முறையை இவற்றிலிருந்து கறக்க முடியாது. ஊர்ப்பற்றால் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பின்பு சான்று இல்லாமல் வருந்த வேண்டாம். சான்று போதாத இடத்தில் பேசக்கூடாது என்பதைக் கன்பூசியஸே சொல்லியிருக்கிறார்: ஷியா வம்சத்தின் முறையைச் சொல்ல என்னால் முடியும், ஆனால் அவர்களின் வழிவந்த நாட்டில் அதை உறுதிசெய்யப் போதிய ஏடும் இல்லை, அறிந்த ஆளும் இல்லை என்பது அவர் வருத்தம்.

டெல்டாவிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு நான் பரிந்துரைக்கும் கேள்விகள் வேறு. 1521இல் மிங் பேரரசர் ஜெங்தே பிள்ளையில்லாமல் இறந்தார். சிற்றப்பன் மகன் ஜியாஜிங் அரியணை ஏறினார். முந்திய பேரரசரின் தந்தையையே இவர் இனித் தந்தை என்று கொள்ள வேண்டும், பெற்ற தந்தையைச் சிற்றப்பன் என்றே அழைக்க வேண்டும் என்று மூத்த அமைச்சர்கள் வற்புறுத்தினார்கள். இளம் பேரரசர் மறுத்தார். 1524இல் அரண்மனை வாயிலில் மண்டியிட்டு அழுது முறையிட்ட அதிகாரிகளுக்குக் கசையடி கிடைத்தது, சிலர் இறந்தே போனார்கள். யாருக்கு மகன் என்ற ஒரே கேள்விக்காக உயிர் போயிற்று. இதைப் படித்தபோது என் மனம் தஞ்சை அரண்மனைக்குச் சென்றது. 1787இல் துளஜா மன்னர் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தது செல்லுமா செல்லாதா என்பதில், பண்டிதர்களின் தருமசாத்திரக் கருத்தைக் கேட்டு கும்பினியார் முதலில் ஒருவிதமாகவும் பின்பு வேறுவிதமாகவும் முடிவெடுத்தார்கள். 1798இல்தான் சரபோஜி அரியணை ஏறினார். இரண்டையும் அருகருகே வைத்து, பிதுர்க்கடன் எங்கே அரசுரிமை ஆகிறது என்று கேட்கும் ஆய்வாளருக்கு இரு பக்கமும் ஆவணம் உண்டு.

மற்றொன்று இன்னும் நேரடியானது. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ்க் கிறித்தவரிடையே சேசு சபையார் அனுமதித்திருந்த தாலியின் வடிவம், பூப்பு விழா, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் போன்ற வழக்கங்களை 1704இல் தடைசெய்துவிட்டு, அவர் கப்பலேறிச் சீனா சென்றார். அங்கே முன்னோர் வழிபாட்டையும் கன்பூசியஸ் வழிபாட்டையும் பற்றிக் காங்ஷி பேரரசரோடு முரண்பட்டு, 1710இல் மக்காவ் நகரில் காவலில் இருந்தபடியே இறந்தார். சீன வழக்கங்களுக்கு 1742இலும் தமிழ் வழக்கங்களுக்கு 1744இலும் ஒரே போப் இறுதித் தடை விதித்தார். சீனத் தடை 1939இல் தளர்ந்தது. ஒரே மனிதர், ஒரே பயணம், இரண்டு நாடுகளின் முறைகள். தமிழும் சீனமும் அறிந்த ஒருவர் இதை எழுதினால் அதன் எடையே வேறு. லத்தீனோ பிரெஞ்சோ கூடுதலாக வேண்டியிருக்கும். அதற்குப் புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது.

களப்பணிக்கு உடனே சீனா போக வேண்டியதில்லை. கொல்கத்தாவின் திரெட்டா பஜாரிலும் தாங்ராவிலும் சீனக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன; பஜ் பஜ் அருகிலுள்ள அச்சிப்பூருக்குச் சீனப் புத்தாண்டில் குடும்பங்கள் கூடி வருகின்றன. அங்கே முதியவர்களிடம் பேசும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1962 போருக்குப் பின் இந்தியச் சீனர்கள் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வரும் அந்நியரைக் கண்டு அவர்கள் தயங்கினால் அதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு வருகைகளில் எதையும் எழுதாமல் தேநீர் குடித்துவிட்டு வருவதே மரியாதை. அடுத்தபடி சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு, அங்கே கிருஷ்ணன் கோயிலுக்கு முன் சீனப் பக்தர்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்கிவிட்டுப் பக்கத்திலுள்ள குவான் யின் கோயிலுக்குப் போவதைப் பார்க்கலாம். கன்பூசியஸ் வழிபாட்டை நேரில் காண்பதற்குத் தைவானின் தைனான் நகரம், அங்குள்ள கோயில் 1665இல் எழுந்தது. செப்டம்பர் 28 அன்று விடியலில் இறகும் குழலும் ஏந்திய சிறுவர்கள் வரிசையாக ஆடுவார்கள். ஷான்தோங் மாநிலத்தின் ச்சூஃபூவில் உள்ள மூலக்கோயிலுக்கும் போக வேண்டும். ஆனால் 1966 நவம்பரில் பண்பாட்டுப் புரட்சியின் செங்காவலர்கள் அங்கே சிலைகளையும் கல்லறைகளையும் உடைத்தார்கள் என்பதையும், இன்று நடப்பது மீட்டெடுக்கப்பட்ட முறை என்பதையும் மறந்து, இரண்டாயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வருகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

ஒப்பிடுவதில் நிதானம் வேண்டும். சிங்மிங் நாளில் கல்லறை பெருக்குவதையும் நம் மகாளயத்தையும், அவர்களின் நிலத்தெய்வத்தையும் நம் அய்யனாரையும் பக்கத்தில் வைக்கும் ஆசை எழும். எனக்கும் எழுந்தது, இன்னமும் எழுகிறது. ஒப்புமை கேள்வி கேட்பதற்குப் பயன்படும், விடையாகாது. அவர்களின் நிலத்தெய்வம் அரசின் பதிவேட்டில் கடைநிலை அலுவலர்போல வரிசைப்படுத்தப்பட்டவர்; குதிரையேறி எல்லை காக்கும் அய்யனாருக்கு அத்தகைய மேலதிகாரி இல்லை. வேற்றுமை தோன்றும் இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

வேலை கிடைத்த பிறகு கிழக்காசிய வரலாறு என்ற ஒரு தாளைக் கற்பிக்கும் வாய்ப்பு வரும். பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. அதை ஓப்பியப் போர் தொடங்கிப் பாடமாக்காமல், ஒரு வாரமாவது மூலநூல் ஒன்றை மாணவரோடு சேர்ந்து படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஈடாகத் தமிழில் ஒன்று எழுதுங்கள். நம் மாணவருக்குச் செவ்வியல் சீனத்திலிருந்து நேரே வந்த தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ‘லீ ஜி’யின் ‘தான் கோங்’ பகுதியில் உள்ள ஒரு சிறு கதையைக் கொடுப்பது என் வழக்கம். நூறு எழுத்துக்கும் குறைவு. கன்பூசியஸ் தாய் தந்தை இருவரையும் ஃபாங் என்ற இடத்தில் சேர்த்து அடக்கம் செய்கிறார். பழங்காலத்தில் கல்லறைக்கு மேடு எழுப்பும் வழக்கம் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் நான் நாற்றிசையும் திரிகிறவன், அடையாளம் வைக்காமல் இருக்க முடியாது என்று சொல்லி, நான்கடி உயரத்துக்கு மண்மேடு எழுப்புகிறார். அவர் முன்னே திரும்பிவிட, சீடர்கள் பின்தங்குகிறார்கள், பெருமழை பிடிக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் கேட்க, ஃபாங்கில் கல்லறை சரிந்துவிட்டது என்கிறார்கள். அவர் பேசவில்லை. மூன்று முறை சொன்ன பிறகு கண்ணீர் வழிய, முன்னோர் கல்லறையைச் செப்பனிட்டதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்கிறார். இதை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தமிழில் எழுதுங்கள். பிறகு ஜெங் ஷுவானின் உரையையும் கோங் யிங்தாவின் விளக்கத்தையும் எடுத்து, மேடு எழுப்பியதில் முறை மீறப்பட்டதா, அந்தக் கண்ணீர் எதற்காக என்பதில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாதம் ஆகும்.